முடிச்சு எங்கே அவிழ்கிறது?

டிவியோடு சேர்ந்து வீட்டுக்கு வரும் அந்தக் கறுப்புப் பெட்டியை நாம் செட்டாப் பாக்ஸ் என்கிறோம். பிரான்சிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு டிகோடர் என்றே பெயர். நம்முடைய பெயர் அது உட்காரும் இடத்தைச் சொல்கிறது. இன்றைய தட்டை டிவியின் தலைமேல் ஒரு தீப்பெட்டியைக்கூட நிறுத்த முடியாது என்பதால் இடம் பொய்யாகிப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய பெயர் அது செய்யும் காரியத்தைச் சொல்கிறது: சங்கேதத்தை அவிழ்ப்பது, எங்கோ ஒரு ஸ்டுடியோவில் போட்ட முடிச்சை நம் வீட்டு ஹாலில் வைத்துப் பிரிப்பது. தமிழில் இதற்கு நேராக ஒரு சொல் கிடக்கிறது, முடிச்சவிழ்க்கி. அது வசைச்சொல் என்பது தெரிந்ததே. சந்தைக் கூட்டத்தில் அடுத்தவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசை உருவுகிறவன். அந்த வசை இந்தப் பெட்டிக்கு அப்படியொன்றும் பொருந்தாமல் போய்விடவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஏவி ரிசீவர் என்ற சாதனமும் இருந்துவிட்டால் (கடைகளில் இதை ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் என்கிறார்கள்) முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். பாக்ஸுக்கும் தெரியும், ரிசீவருக்கும் தெரியும். ஆகவே பாக்ஸை ரிசீவரோடு இணைப்பது எப்படி என்ற கேள்வி வெறும் ஒயர் பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை. ஒயரைச் சரியாகச் சொருகிவிட்டு, ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் சுற்றி வைத்துவிட்டு, வருஷக்கணக்காக இரண்டு சேனல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் அதை 5.1 என்றே நம்புகிறார்கள். எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறதே!

முதலில் அந்தப் பெட்டி வீட்டுக்குள் எதற்காக வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். சென்னையில் 2003 செப்டம்பர் 1 அன்று கட்டண சேனல்களுக்கு நிபந்தனை அணுகல் முறை அமலானபோது பெட்டி ஒரு பூட்டாகத்தான் அறிமுகமானது. காசு கட்டினால் படம், கட்டாவிட்டால் இருட்டு. பின்னால் டிடிஎச் கம்பெனிகள் வந்தன, கேபிளும் டிஜிட்டல் ஆனது. இன்றைக்கும் அதன் முதல் வேலை பூட்டைத் திறப்பதுதான். இரண்டாவது, சுருக்கப்பட்ட படத்தை விரிப்பது. ஒலி மூன்றாவது. தயாரிப்பவர்களும் அதை அந்த வரிசையில்தான் மதிக்கிறார்கள் போலிருக்கிறது. மெனுவில் ஒலி அமைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு சீரியல் முடிந்துவிடும்.

இனி ஒலியின் முடிச்சு. 5.1 என்றால் ஆறு தனித்தனிப் பாதைகள்: முன்னால் இடம், மையம், வலம், பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்கு மட்டும் ஒன்று. இந்தக் கடைசிதான் அந்த ‘புள்ளி ஒன்று’. ஒவ்வொரு பாதையின் ஒலியையும் நொடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதினால் ஆறு பாதைக்கும் நொடிக்கு 46,08,000 பிட் ஆகிறது. இதை டால்பி டிஜிட்டல் முறை 3,84,000 பிட்டுக்குள் அடக்கிக் காட்டுகிறது, பன்னிரண்டில் ஒரு பங்கு. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு தியேட்டருக்கு வந்த முறை இது. அடுத்த வருஷமே ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டிடிஎஸ் வந்தது. 90களின் பிற்பகுதியில் நம்மூர் போஸ்டர்களில் கதாநாயகனுக்குச் சமமான எழுத்தில் ‘டிடிஎஸ்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த மூன்று எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. குறிப்பீடு இல்லாத குறிப்பானாகவே அது ஜனங்களிடம் வேலை செய்தது.

பன்னிரண்டில் ஒரு பங்கு எப்படிச் சாத்தியம்? காதுக்குக் கேட்காது என்று கணித்ததையெல்லாம் விட்டுவிடுவதால். பலமான ஒலி ஒன்று ஒலிக்கும்போது அதற்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலி மறைந்துபோகும் என்பது காதின் இயல்பு. மறையப்போவதை எதற்காக அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்தக் கணிதத்தின் தர்க்கம். நியாயமான தர்க்கம். ஆனால் இங்கே கணக்கில் எடுத்துக்கொண்ட காது யாருடைய காது என்று கேட்டாக வேண்டும். பழுதில்லாத, சராசரியான காது. இந்தக் கேள்விக்குத் திரும்பவும் வருகிறேன்.

முடிச்சோடு அந்த ஒலி பாக்ஸுக்குள் வந்து சேர்கிறது. இப்போது பாக்ஸ் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். முடிச்சை அப்படியே, கை வைக்காமல், ரிசீவருக்குக் கடத்தலாம். மெனுவில் இதற்குப் பிட்ஸ்ட்ரீம் என்றோ, டால்பி டிஜிட்டல் என்றோ, பாஸ் த்ரூ என்றோ பெயர் இருக்கும். அல்லது தானே அவிழ்த்து, ஆறையும் இரண்டாகக் கலந்து கொடுக்கலாம். அதற்குப் பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று பெயர். நான் கையாண்ட எல்லாப் பெட்டிகளும் கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இரண்டாவது நிலையில்தான் இருந்தன. காரணமும் புரிகிறது. எந்த டிவியோடு சேர்த்தாலும் சத்தம் வரவேண்டும், வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டக்கூடாது.

கலப்பது என்றால் என்ன? இடது பாதையோடு மையப் பாதையில் சுமார் 0.7 பங்கையும், இடது பக்கவாட்டுப் பாதையில் அதே அளவு பங்கையும் கூட்டி ஒன்றாக்குவது, வலதுக்கும் அப்படியே. கீழதிர்வுப் பாதையைப் பொதுவாக விட்டே விடுகிறார்கள். கூட்டல்தானே, என்ன கெட்டுவிட்டது என்று தோன்றும். கூட்டலில் ஒரு விஷயம் உண்டு. மூன்றும் நாலும் ஏழு. ஏழை மட்டும் ஒருவன் கையில் கொடுத்து, இது எதுவும் எதுவும் சேர்ந்தது என்று கேட்டால் அவன் ஐந்தும் இரண்டும் என்பான், ஆறும் ஒன்றும் என்பான், எல்லாமே சரிதான். பாக்ஸ் கூட்டிக் கொடுத்த ஏழிலிருந்து மூன்றையும் நாலையும் மீட்க எந்த ரிசீவராலும் முடியாது. அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும். முடிச்சவிழ்க்கி என்று சொன்னது இதற்காகத்தான். ஆறு காசை அவிழ்த்து இரண்டு காசை நம் கையில் வைக்கிறது, மடியும் கனமாகவே இருக்கிறது.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் பர்மிங்ஹாமில் இருந்தபோது எழுதிய கட்டுரை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிதல்ல. தொலைக்காட்சிச் செய்தி சங்கேதமாக்கப்படும் இடம் ஒன்று, அவிழ்க்கப்படும் இடம் வேறு, இரண்டும் பொருந்தியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றார் அவர். பார்வையாளன் சொன்னபடி வாசிக்கலாம், பேரம்பேசி வாசிக்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். அவர் பேசியது அர்த்தத்தைப் பற்றி. நான் பேசுவது மின்குறியைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்குவது மலிவான சாமர்த்தியம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பார்வையாளன் எதிர்த்து வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கப் பிரதி மீதம் இருக்க வேண்டும். பேச்சு ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று பிரிந்து வந்தால்தான் ஒன்றைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்த முடியும். அவனுக்கு முன்னாலேயே பாக்ஸ் ஒரு வாசிப்பைச் செய்து முடித்து, ஒரே குழம்பாகப் பரிமாறிவிட்டால் அவன் எதைப் பிரித்து எடுப்பான்?

எனக்கு இது கோட்பாட்டு விஷயமாக வரவில்லை, அப்பா வழியாக வந்தது. அவருக்கு 74 வயது. லாரி ஓட்டியவர். பழைய லாரிகளில் எஞ்சின் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு மூடிக்குக் கீழே, கத்திக்கொண்டிருக்கும். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு இருந்தவருக்கு வயதும் சேர்ந்து காதின் மேல்ஸ்தாயிப் பகுதியைத் தேய்த்துவிட்டது. பாளையங்கோட்டை வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். “சத்தம்லாம் நல்லாத்தாம்ல கேக்கு. என்ன சொல்லுதாம்னுதான் வெளங்கல” என்பது அவருடைய புகார். இதைவிடத் துல்லியமாக எந்த டாக்டரும் அந்தக் குறையை எனக்குச் சொன்னதில்லை. காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், வெளியே போனால் போட்டுக்கொள்வார். வீட்டில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். (போடச் சொல்லுங்கள் என்று வாசகர்கள் எழுத வேண்டாம். தினமும் சொல்கிறோம். நான் கீழே விவரிக்கும் எதுவும் அதற்கு மாற்றும் இல்லை.)

தமிழ் படித்தவன் என்பதால் அவர் புகார் எனக்கு வேறு மாதிரி விளங்கியது. உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சின்ன வெடிப்புகளும் உரசல்களும் மேலே, இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் வெகுவாக இருக்கின்றன. பலமும் குறைவு. மேல்ஸ்தாயி போனால் ‘படம்’, ‘தடம்’, ‘கடம்’ எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. மெய்யில்லாமல் உயிர் மட்டும் முனகிக்கொண்டிருப்பதைத்தான் அவர் சத்தம் என்கிறார். சத்தத்தைக் கூட்டினால் உயிரும் கூடும், பின்னணி இசையும் கூடும், மெய் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று: கீழ்ஸ்தாயி ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடி மறைக்கும் தன்மை உடையது; பலம் ஏற ஏற மறைப்பும் மேல்நோக்கி விரியும். தாரை தப்பட்டையும் வயலின் கூட்டமும் வசனத்தின்மேல் ஏறி உட்காரும் நம் படங்களில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழுதில்லாத காது இந்த நெரிசலுக்குள்ளும் வழி கண்டுபிடித்துவிடும். அப்பாவின் காதுக்கு அது ஏலாது.

இங்கேதான் மையப் பாதை முக்கியமாகிறது. 5.1 கலவையில் வசனம் ஏறத்தாழ முழுக்க மைய ஸ்பீக்கருக்குப் போகிறது; இசை முன் இடம் வலத்தில் விரிகிறது; மழை, கூட்டம், கார் கடப்பது எல்லாம் சுற்றிலும். நம் படங்களில் பெரும்பாலும் வசனத்தை ஸ்டுடியோவில் தனியாக டப்பிங் பேசிச் சேர்ப்பதால் அந்தப் பாதை இன்னும் சுத்தமாக இருக்கும். அது தனியாக வீடு வந்து சேர்ந்துவிட்டால் அதை மட்டும் மூன்று, நாலு டெசிபல் உயர்த்தலாம், மற்றதைத் தாழ்த்தலாம். இருபது வருஷத்துக்கு மேலாக மையத்தைக் குலைப்பது பற்றியும் விளிம்பைக் கொண்டாடுவது பற்றியும் இதுபோன்ற பத்திரிகைகளில் எழுதித் தள்ளியிருக்கிறோம், நானும்தான். அப்பாவுக்கு வேண்டியிருப்பது மையம். சினிமாவில் குரலே எல்லாவற்றையும் ஆள்கிறது என்று மிஷேல் ஷியோன் குறைப்பட்டுக்கொண்டது போன்ற விமர்சனத்தை மனசார ஏற்றுக்கொண்டவன் நான். காது போனவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

குரலின் இந்த ஆட்சி சங்கேதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது சுவாரஸ்யமான விஷயம். டால்பி டிஜிட்டல் ஒலியோடு கூடவே ஒரு எண் பயணம் செய்கிறது, டயல்நார்ம் என்று பெயர், 1 முதல் 31 வரை. இந்த நிகழ்ச்சியில் பேச்சின் சராசரி உரப்பு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. அவிழ்க்கும் கருவி அதைப் படித்து, பேச்சு எப்போதும் ஒரே மட்டத்தில் விழும்படி மொத்த ஒலியையும் தாழ்த்துகிறது. வெடிகுண்டும் பாட்டும் அந்தப் பேச்சை அளவுகோலாக வைத்தே சத்தம் போடுகின்றன. கூடவே, மிகப் பலமானதைத் தணித்து மிக மெல்லியதை உயர்த்துவதற்கான குறிப்புகளும் வருகின்றன. ரிசீவரில் ‘நைட் மோட்’ என்றோ ‘லேட் நைட்’ என்றோ இருப்பது இதுதான். முடிச்சு ரிசீவரில் அவிழ்ந்தால் இந்தக் குறிப்புகளை எவ்வளவு பின்பற்றுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். பாக்ஸில் அவிழ்ந்தால் அதைப் பாக்ஸ் தீர்மானித்துவிட்டது, நம்மைக் கேட்கவில்லை.

சரி, ஒயர். மூன்று வழி இருக்கிறது. பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஒயரை ரிசீவருக்குக் கொண்டுபோய், ரிசீவரிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ ஒயரை டிவிக்குக் கொண்டுபோவது முதல் வழி. படமும் ஒலியும் ரிசீவர் வழியாகவே போகும். பாடப்புத்தகத்தில் இதுதான் சிறந்தது. ஆனால் ரிசீவர் அணைந்திருந்தால் டிவியில் படமே வராது, அதில் ஸ்டாண்ட்பை பாஸ் த்ரூ என்ற வசதி இருந்து அதைப் போட்டும் வைத்திருந்தால் ஒழிய. காலையில் அம்மா ராசிபலன் பார்க்க ரிசீவரையும் சேர்த்து ஓட்ட வேண்டும் என்றால் அந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது.

இரண்டாவது, படத்துக்கு எச்டிஎம்ஐ ஒயரைப் பாக்ஸிலிருந்து நேரே டிவிக்குக் கொடுத்துவிட்டு, ஒலிக்கு மட்டும் பாக்ஸின் ஆப்டிக்கல் துளையிலிருந்து ரிசீவரின் ஆப்டிக்கல் துளைக்குத் தனி ஒயர். டாஸ்லிங்க் என்று பெயர். 1983இல் தோஷிபா சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது செம்பு இல்லை, பிளாஸ்டிக் இழை. அதன் வழியாகச் சிவப்பு வெளிச்சம் போகிறது. முனையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றாமல் சொருகுகிறவர்கள் உண்டு. ஒரே திசையில்தான் போகும், அழுத்தக்கூடாது, கூர்மையாக மடிக்கக்கூடாது. ஆரஞ்சு நிற ஆர்சிஏ துளை இருந்தால் அதுவும் இதே காரியத்தைச் செம்பு ஒயரில் செய்யும். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஜோடி மட்டும் வேண்டாம். அதில் போவது அவிழ்த்துக் கலந்த பழைய அனலாக் ஸ்டீரியோ.

இந்த ஆப்டிக்கல் இழை பற்றி ஒரு நுட்பம். சிடியின் இரண்டு சேனலுக்காக வெட்டிய வாய்க்கால் அது. அவிழ்த்த ஒலியில் இரண்டு பாதைக்குமேல் அது ஏந்தாது. ஆறு போக வேண்டுமானால் முடிச்சாகத்தான் போகமுடியும், ஏனென்றால் முடிச்சு சின்னது. ஆகவே பாக்ஸ் பிசிஎம்மில் இருந்தால் ஆப்டிக்கல் ஒயரில் 5.1 என்ற பேச்சுக்கே இடமில்லை. எச்டிஎம்ஐ அப்படியல்ல, அவிழ்த்த எட்டுப் பாதைகளைக்கூட ஏந்தும். புதிய பெட்டிகளில் சிலவற்றுக்கு டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற அடுத்த முறையில் ஒலி வருகிறது, அது ஆப்டிக்கலில் ஏறாது. பாக்ஸ் அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்ப வேண்டும். சில மாற்றும், சில மாற்றாது ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும். இன்னும் சில புதிய பெட்டிகளில் ஆப்டிக்கல் துளையையே எடுத்துவிட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் டிவியில் சொருகி, டிவியின் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து ரிசீவரின் ஏஆர்சி துளைக்கு ஒரே ஒயர். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்த வசதி. ஒலி அந்த ஒயரில் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இப்போது முடிச்சின் பாதையில் மூன்றாவதாக ஒரு கை, டிவியின் கை. டிவி மெனுவிலும் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை பாஸ் த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றியாக வேண்டும். அதோடு எச்டிஎம்ஐயில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது: ஒயரைச் சொருகியதும் பாக்ஸ் எதிர்முனையிடம், உனக்கு என்னென்ன தெரியும் என்று விசாரிக்கிறது. எனக்கு ஸ்டீரியோ மட்டும்தான் தெரியும் என்று டிவி சொல்லிவிட்டால், பின்னால் ஒரு ரிசீவர் காத்துக்கொண்டிருப்பது பாக்ஸுக்குத் தெரியவே தெரியாது. இடைத்தரகன் தன் அளவுக்கு நம்மை அளந்து சொல்லிவிடுகிறான்.

எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தது இரண்டாவது. ரிசீவரை அணைத்தாலும் டிவி தன் சத்தத்தில் ஓடும். படம் போடும்போது மட்டும் ரிசீவர். பாக்ஸ் மெனுவில் ஒலி வெளியீட்டைப் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றி, டிவியின் ஸ்பீக்கரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வசனம் இரண்டு இடத்திலிருந்து சற்றே முன்பின்னாகக் கேட்டு மேலும் குழப்பும். இன்னொரு சங்கடமும் உடனே தலைகாட்டும்: பாக்ஸ் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் ரிசீவரில் ஒன்றும் நடக்காது. கட்டிய முடிச்சின்மேல் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருப்பது பெரிதாகாது என்கிற மாதிரிதான். சத்தத்துக்கு ரிசீவரின் ரிமோட். அதன் இரண்டு பொத்தானில் வெள்ளை நெயில் பாலிஷ் வைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காதை நம்பிச் சொல்லக்கூடாது, ரிசீவரின் முகப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் ஒலியைக் காட்டும் குறி ஒன்று, வெளியே போவதைக் காட்டும் குறி ஒன்று. ‘டால்பி டி’ என்ற எழுத்தும், உள்வரவில் ஆறு சின்னக் கட்டங்களும் எரிந்தால் முடிச்சு பிரியாமல் வந்திருக்கிறது. ‘பிசிஎம்’ என்று வந்தாலோ, உள்வரவில் இடம் வலம் இரண்டு கட்டம் மட்டும் எரிந்தாலோ, ஐந்து ஸ்பீக்கரும் அலறினாலும் அது இரண்டுதான். ஊரில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அஞ்சும் பாடுதுல்லா சார், அப்புறம் என்ன?” என்றார். அவர் பொருத்துவது ப்ராலாஜிக் போர்டு என்று பெயர்பெற்ற ஒரு சுற்று. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வருகிறார். இரண்டை வாங்கி ஆறாக்கிக் கொடுக்கும். அசல் ப்ரோ லாஜிக் 1987இல் டால்பி வெளியிட்ட கெட்டிக்காரத்தனமான முறை: இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரி இருப்பது மையம், ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பது பின்பக்கம் என்று ஊகிக்கும். அப்படி ஊகிக்க வசதியாகக் கலந்து தந்த படங்களில் அது நன்றாகவே வேலை செய்யும். ஊகம் ஊகம்தான். பாட்டுக்காரியின் குரலும் அவளுக்குப் பின்னால் அடிக்கும் மத்தளமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டும் மையத்துக்கே வந்துவிடும். அவருடைய செட்டைக் குறை சொல்ல மாட்டேன், விலைக்கு நல்ல செட். ஆனால் மையத்தை உயர்த்தினால் மத்தளமும் கூடவே உயரும், அப்பாவுக்கு அதில் பிரயோஜனம் இல்லை.

இதே வரம்பு டிவியில் வருவனவற்றில் பெரும்பகுதிக்கும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 5.1 ஒலி எச்டி சேனல்களில் சிலவற்றில், அதிலும் எல்லா நிகழ்ச்சிக்கும் இல்லாமல், வருகிறது. சாதாரண சேனல்களில் ஸ்டீரியோதான். தினசரி சீரியலில் ஆறு பாதை எதற்கு என்று அவர்கள் நினைக்கலாம். அங்கே மாமியாரின் ஒவ்வொரு பார்வைக்கும் மூன்று தடவை இடி இடிக்கிறது. அந்த இடி பேச்சோடு கலந்தே புறப்பட்டு வருகிறது. எந்த ஒயரும் அதைப் பிரிக்காது. அதற்கு ரிசீவரின் மெனுவில் அடியைக் குறைத்து மேலைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது ஒன்றுதான் வழி.

படம் வரும்போது மட்டும் அமைப்பு தன் முழு அர்த்தத்தை அடைகிறது. ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து கொடுக்க வேண்டும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது, பக்கத்தில் உள்ளதை ரிசீவர் அதற்கேற்பக் காக்க வைக்கும். சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடலாம். பிறகு சோதனை இரைச்சலை ஒவ்வொன்றிலும் ஓடவிட்டு, எல்லாவற்றையும் சமமாக்கி, கடைசியில் மையத்தை மட்டும் வேண்டுமென்றே நாலு டெசிபல் உயர்த்தினேன், பக்கவாட்டை மூன்று இறக்கினேன். தொழில் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் சமநிலையைக் கெடுத்துவிட்டான் என்பார்கள். சமநிலை யாருடைய காதுக்கு என்ற பழைய கேள்விதான். மைய ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்குப் பின்னால் வைக்கக்கூடாது. விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் லேசாகத் தூக்கி, உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க வைக்க வேண்டும். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தாலும் மெய்யெழுத்து கொஞ்சம் தெளியும்.

அப்பா அன்றைக்கு ஒரு பழைய துப்பறியும் படத்தின் எச்டி ஒளிபரப்பைப் பார்த்தார். பாதியில், “இவன் பொய்யில்லா சொல்லுதான்” என்றார். ஒரு கதாபாத்திரம் பேசிய சொல்லைக் கேட்டு, முந்தின காட்சியில் அவன் சொன்னதோடு ஒப்பிட்டு, அவர் வந்த முடிவு அது. அதற்கு முன்னால் வெகுநாள் அவர் படம் பார்த்தது முகத்தை வைத்துத்தான்.

வாய் அசைவும் ஒலியும் பொருந்தாமல் போவது இன்னொரு தொல்லை. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ளும். ஆப்டிக்கல் வழி போன ஒலி அதற்குள் காதுக்கு வந்துவிடும். நம் ஒளிபரப்பில் ஒரு சட்டகம் 40 மில்லிசெகண்ட். இரண்டு மூன்று சட்டகம் பிந்தினாலே உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கிறவருக்கு, காது மந்தமானவர்கள் எல்லோரும் தெரியாமலே அதைச் செய்கிறார்கள், பிடி நழுவிவிடும். ரிசீவரில் லிப் சிங்க் அல்லது ஆடியோ டிலே என்ற இடத்தில் பத்துப் பத்து மில்லிசெகண்டாகக் கூட்டிப் பார்த்து, செய்தி வாசிப்பவரின் ‘ப’வும் ‘ம’வும் உதடு மூடும் கணத்தில் விழுகிறதா என்று சரிபார்க்கலாம். எங்கள் டிவிக்கு 90 தேவைப்பட்டது.

ஒன்றுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. படம் 5.1இல் போய்க்கொண்டிருக்கும், விளம்பரம் ஸ்டீரியோவில் வரும், திரும்பவும் படம். ஒவ்வொரு தடவை மாறும்போதும் ரிசீவர் வந்திருப்பது என்ன என்று கண்டுபிடித்துக்கொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அரை நொடி மௌனம், இடைவேளைக்குப் பிந்திய வசனத்தின் முதல் சொல் விழுந்துவிடுகிறது. “என்னல சொன்னாம்?” என்று அப்பா கேட்பார், நான் சொல்வேன். பாக்ஸைப் பிசிஎம்முக்கு மாற்றிவிட்டால் இந்த இடைவெளி வராது, மையமும் வராது. மாற்றாமல்தான் வைத்திருக்கிறேன்.